வேர் வரை போன குச்சி

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று தொடக்கம். முகவாயில், உதட்டுக்குக் கீழே நட்டநடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அம்மா பார்த்ததுமே, "வேனக்கட்டி. திருப்பூர் தண்ணி சூடு" என்றாள். நான் திருப்பூரிலிருந்து அருப்புக்கோட்டை வந்து மூன்று வாரம் ஆகிறது. அங்கே ஒரே அறை, மேலே தகரம். வெயில் தணிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்று அவர் என்னையும் பாப்பாவையும் இங்கே விட்டுப் போனார்.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பியிருக்கிறாள் அம்மா. பாப்பாவுக்கு அந்தச் சிவப்பு பிடித்துவிட்டது. பால் குடிக்கும்போது கையை நீட்டி நீட்டி அதையே பிடுங்கப் பார்க்கிறாள். ஒன்பது மாதம். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடிக்கிறாள்.

மே 7, புதன்

வலியே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வலித்தால் ஏதோ நடக்கிறது என்றாவது தெரியும்.

பாப்பா தூங்கிய பிறகு போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. எதைத் தட்டினாலும் மூன்றாவது வரியில் புற்றுநோய் வருகிறது.

ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தேன், துப்பிவிட்டாள். கேழ்வரகு பரவாயில்லை. துணி பதினைந்து உருப்படி துவைத்தேன், காயவில்லை என்று சொல்ல முடியாத வெயில்.

மே 11, ஞாயிறு

உடைந்தது. தலையணை உறையில் மஞ்சளாகச் சீழ். அம்மா, "போச்சு, அவ்ளோதான், இனி ஆறிரும்" என்றாள். மாலைக்குள் சுருங்கியும் விட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஊசி குத்தியது போல ஒரு துளை மட்டும்.

மே 14, புதன்

மறுபடி நிரம்பிவிட்டது.

வீடியோ காலில் அவர் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தேன். சுளிக்காத மாதிரிதான் பேசினார். பின்னால் அவர் அம்மா, என் அத்தையின் குரல்: "பிள்ளைக்கு முத்தம் குடுக்க வேணாம்னு சொல்லுடா. ஒட்டுவாரொட்டியா இருந்தா என்ன பண்றது? ஆறினப்பறம் வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல."

கைக்குட்டையை மடித்து முகத்தில் கட்டிக்கொண்டேன். பாப்பா அதை விளையாட்டு என்று நினைத்து இழுத்து இழுத்துச் சிரிக்கிறாள். நான் முகத்தைத் திருப்பினால் என் காதைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறாள். கட்டி உடைந்த நாளிலிருந்தே முத்தம் கொடுக்கவில்லை, மூன்று நாள் ஆகிறது. உள்ளங்காலில் மட்டும் ஒன்று கொடுத்தேன், கைக்குட்டைக்கு மேலே.

மே 19, திங்கள்

தோல் டாக்டர். அண்ணன்தான் கூட்டிப்போனார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன். "பிள்ளைய வச்சிக்கிட்டு பஸ்ல நசுங்குவியா? பைக்கு சும்மாத்தான நிக்குது" என்றார். பாப்பாவுக்குக் காற்று ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பின்னால் உட்கார்ந்து போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

காத்திருந்த நேரம் முழுக்க அண்ணன் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பைக் சாவி, வீட்டுச் சாவி, சிமெண்ட் கடையின் ஷட்டர் சாவி எல்லாம் ஒரே வளையத்தில். ரொம்ப வருஷப் பழக்கம். அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

களிம்பு, மாத்திரை. வீடு வரும் வழியில் அண்ணன் பாப்பாவுக்குக் கிலுகிலுப்பை வாங்கினார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியது அவர்தான். இதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மே 28, புதன்

மாத்திரை தீர்ந்தது. காய்ந்தது. மாத்திரை நின்றதும் மறுபடி ஊறுகிறது.

இன்று அத்தை போனில் முடிவு சொல்லிவிட்டாள். கட்டி கட்டியே இல்லையாம். "எங்க சாமிக்கு ஒம்போது மாசத்துல முடி எறக்குறதா வேண்டியிருந்தேன். தள்ளிக்கிட்டே போனீங்க. முகத்துல காட்டுறா பாரு. மொட்டையப் போட்டு, காதக் குத்திட்டு வாங்க, தானா அமுங்கும்."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணனுக்கும் ஒரே உற்சாகம். பதினோராம் மாதம், ஜூன் 20 வெள்ளிக்கிழமை, காரியாபட்டிப் பக்கம் அத்தை வீட்டுக் கோயில். "எம்மருமகளுக்கு எம்மடியிலதான மொட்ட? சட்ட, தோடு எல்லாம் மாமன் செய்முற. ஒரு கொறையும் வைக்க மாட்டேன்."

நான், "அண்ணனுக்குக் கடையில வேல கெடக்கும். சித்தப்பா மகன் ரவீந்திரன் சும்மாத்தான இருக்கான், அவன் மடியில வச்சா என்ன?" என்றேன்.

அம்மா அடுப்பங்கரைக்குப் போய் அங்கிருந்தே கேட்டாள்: "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில ஒண்ணுவிட்டவன் மடியா? ஊரு என்ன பேசும்? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போனார். வாசலில் சாவிச் சத்தம்.

மே 29, வியாழன்

பாப்பா இன்று சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

தோல் டாக்டரிடம் இரண்டாம் முறை. இந்த முறை வாயைத் திறக்கச் சொன்னார். கீழ்வரிசை நடுப்பல்லை டார்ச் அடித்துப் பார்த்தார். "இது ஏன்மா சாம்பல் நிறமா இருக்கு?" எப்போதிலிருந்து என்று கேட்டார். கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து என்றேன். நிலைப்படியில் தடுக்கி விழுந்தது.

"இது என் கேஸ் இல்ல. பல் டாக்டர்ட்ட போங்க" என்றார். முகத்தில் கட்டி வந்ததற்குப் பல் டாக்டரா என்று அம்மா வழியெல்லாம் புலம்பினாள். "பல்லுன்னா போயிட்டுப் போகுது. எனக்கு நீ வயித்துல இருந்தப்ப ரெண்டு கடவாப் பல்லு கொட்டிப்போச்சு. எஞ்சத்தெல்லாம் நீ உறிஞ்சிட்ட. நான் என்ன டாக்டர்ட்டயா ஓடுனேன்?"

சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது இது. முறுக்கு வாங்கினால்கூட அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுவாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குற்றமாக இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

டாக்டர் பெயர் ஆயிஷா. என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் முதலில் ஒரு மெல்லிய ஆரஞ்சு நிறக் குச்சியை எடுத்தார். ஊசியை விடக் கொஞ்சம் தடிமன், ரப்பர் மாதிரி வளைகிறது. அதை முகவாயில் இருந்த துளைக்குள் மெதுவாகச் செருகினார். போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. வலிக்கவில்லை. என் முகத்துக்குள் இவ்வளவு தூரம் ஒரு பாதை இருப்பது எனக்கே தெரியவில்லை. குச்சியோடு எக்ஸ்ரே எடுத்தார்.

படத்தில் அந்தக் குச்சி வெள்ளைக் கோடாக, தோலிலிருந்து கிளம்பி, தாடை எலும்புக்குள் நுழைந்து, சாம்பல் பல்லின் வேர் நுனியில் போய் நின்றது. அங்கே எலும்பில் கருப்பாக ஒரு ஓட்டை.

"வேனக்கட்டியும் இல்ல, தோல் வியாதியும் இல்ல. இந்தப் பல்லு உள்ள செத்து ரொம்ப நாளாச்சு. நரம்பு செத்தா வலி தெரியாது. அழுகினது வேர்கிட்ட சேந்து, எலும்ப அரிச்சு வெளிய வர வழி பாக்கும். உங்களுக்கு இங்க வாய் வச்சிருக்கு. வடியிறதுக்கு வழி கெடச்சதால அழுத்தமில்ல, அதான் வலியும் இல்ல. வலி இல்லாததால யாரும் கண்டுக்கல."

"பாப்பாவுக்கு ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. பிள்ளையத் தூக்குங்க, கொஞ்சுங்க. பால் தாராளமா குடுங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டர் பஞ்சு கொடுத்தார். இது எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டேன். நான் படித்தது புள்ளியியல். பலபேருக்கு வருவது என்றால் கொஞ்சம் தைரியம் வரும் எனக்கு.

"ரூட் கெனாலுக்கு வர்றவங்கள்ல பத்துப் பேர்ல ஒருத்தருக்கு ஈறுல இப்பிடி வாய் வச்சிருக்கும், பரு மாதிரி. வாய்க்குள்ளதான, பாதிப்பேரு கவனிக்கவே மாட்டாங்க. தோல் வழியா வர்றது அபூர்வம். வந்தாலும் முக்காவாசிப் பேர் களிம்பு தடவிக்கிட்டே அலைவாங்க." பிறகு கேட்டார்: "பல்லுல அடி எப்ப பட்டுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "சின்னப்பிள்ளைல வாசப்படி தடுக்கி விழுந்தா டாக்டர். அஞ்சாறு வயசு இருக்கும்."

டாக்டர் படத்தை மறுபடி விளக்கில் பிடித்துப் பார்த்தார். "அஞ்சு வயசுல இது பால் பல்லும்மா. சரி, அப்பறமா பட்டிருந்தாலும், சின்ன வயசுலயே செத்திருந்தா வேர் வளராம அரைகுறையா நின்னிருக்கும். இது முழுசா வளந்து முடிஞ்ச வேர். பெரிய பொண்ணானப்பறம் பட்ட அடி."

அம்மா பாப்பாவின் சட்டையில் பட்டன் போட ஆரம்பித்தாள். அது போட்டுத்தான் இருந்தது.

"காலேஜ் முடிச்ச வருஷம்" என்றேன். "வாசப்படிதான்."

டாக்டர் படத்தைக் கீழே வைத்தார். மரத்துப்போக ஊசி போட்டார். பல்லின் பின்பக்கமாகத் துளை போட்டு, உள்ளே கழுவி, மருந்து வைத்து மூடினார். நாற்றம் வந்தது. இத்தனை நாள் என் வாய்க்குள் இருந்த நாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவுக்கு முத்தம் கொடுத்துக் கொடுத்தே அழவைத்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

அம்மா என்னோடு பேசவில்லை. ரசம் மட்டும் ஊற்றினாள்.

அவரிடம் போனில், பல்லுதான் காரணம், சாமி இல்லை, மொட்டையை அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்றேன். "அம்மாட்ட நீயே சொல்லு" என்று போனை அத்தையிடம் கொடுத்தார். அத்தை, "அந்த டாக்டர்ட்ட உன்ன அனுப்புனது யாரு? சாமிதான?" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

பல் டாக்டரிடம் இரண்டாம் முறை. பாப்பா சிணுங்கியதால் அம்மா வெளியே வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள்.

துளையிலிருந்து வடிவது குறைந்திருக்கிறது. உள்ளே சுத்தமானால் வெளியே தானாக மூடிக்கொள்ளும், தோலில் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார் டாக்டர். உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தபடியே, "உதட்டுக்கு உள்பக்கம் ஒரு தழும்பு இருக்கு. சின்னதா, நேர்கோடா" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியாது, வாயில் உறிஞ்சுகுழாய்.

"தடுக்கி விழுந்தா கை முன்னாடி போகும். மூக்கு, நெத்தி எங்கயாச்சும் செராய்க்கும். நான் ஒண்ணும் கேக்கல, வசுமதி. வாயத் தொறந்தே வைங்க."

எழுந்து கொப்பளித்த பிறகு கேட்டேன்: "இப்பிடி எத்தன பேர் வருவாங்க டாக்டர்?"

"அதான் சொன்னேனே, பத்துல ஒண்ணு..."

"அது இல்ல."

அவர் கையுறையைக் கழற்றி வாளியில் போட்டார். "வாசப்படி, பாத்ரூம், கெணத்தடி, மாடிப்படி. நெறைய பேர் வழுக்குறாங்க. எத்தன பேர்னு தெரியாது. எண்ணணும்னா அவங்க சொல்லணும்ல?"

வெளியே அம்மா பாப்பாவுக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் டாக்டர் என்று கேட்டாள். குறைந்திருக்கிறதாம் என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

கடைசியாக ஒரு முறை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். மொட்டை போடட்டும், காது குத்தட்டும், அண்ணன் மடியில் மட்டும் வேண்டாம்.

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மான்னா? பத்திரிகை அடிச்சாச்சு, தாய்மாமன்னு பேரு போட்டாச்சு. என்ன சங்கடம்னு சொன்னா நானும் ஏதாவது பேசலாம்ல?"

சொல்லியிருக்கலாம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு அண்ணனிடம் கேட்காமல் நான் கோயம்புத்தூர் போய்வந்ததிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இடம் கிடைத்ததையும், இரவு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கியதையும், வாசலில் அண்ணன் நின்றிருந்ததையும் சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் வந்தவர், சாவி கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு நிலைப்படி. அந்த வருஷமே எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பாப்பா பயப்படுவாளோன்னுதான்."

"அவளுக்கு மாமன்னா உசுரு" என்றார் அவர்.

உண்மைதான். கிலுகிலுப்பை, பலூன், பைக்கின் முன்னால் உட்காரவைத்து ஒரு சுற்று. அவர் குரல் கேட்டாலே தவழ்ந்து வாசலுக்கு ஓடுகிறாள்.

ஜூன் 20, வெள்ளி

முடிந்தது.

காலையில் வேனில் போனோம். கோயில் ஒரு கண்மாய்க் கரையில். ஆலமரம், வெயில், பொங்கல் புகை. அண்ணன் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மாதான் பாப்பாவை என்னிடமிருந்து வாங்கி அவர் மடியில் வைத்தாள். என் கை உடனே விடவில்லை போலிருக்கிறது, அம்மா புறங்கையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மொட்டை போடும்போது பாப்பா அழவே இல்லை. முடி விழுவதை எடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். "மாமன் மடிடா, சும்மாவா!"

பிறகு ஆசாரி வந்தார். தோட்டின் கம்பியை நெருப்பில் காட்டித் துடைத்தார். "பிள்ள தலைய ஆட்டக் கூடாது, தம்பி. தாடையக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார்.

அண்ணன் பிடித்தார். நாலு விரல் கன்னத்தில், கட்டைவிரல் முகவாயில். உதட்டுக்குக் கீழே, சரியாக நடுவில். கட்டைவிரல் அமுக்கியதில் பாப்பாவின் கீழுதடு மடங்கி இரண்டு பல்லும் தெரிந்தன.

எனக்கு வாயெல்லாம் மரத்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டது போல, நாக்கு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"மெதுவாண்ணே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நொடி. அவருக்கு ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமாக மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"எம்மருமகள எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆசாரி குத்தினார்.

ஜூன் 22, ஞாயிறு

பாப்பாவின் இடது காது சிவந்து வீங்கியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் துடைத்தேன். தொட்டால் அலறுகிறாள். வலிக்கிறது என்று அலறுகிறாளே, அது நல்லதுதான்.

ஜூன் 27, வெள்ளி

முகவாய் மூடிவிட்டது. துளை இருந்த இடத்தில் சின்னக் குழி. டாக்டர் இன்று பல்லின் உள்ளே அதே மாதிரி ஆரஞ்சுக் குச்சியை வைத்து அடைத்து, மேலே பூசினார். ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். "சுத்தமா இருந்தா வராது. உள்ள ஏதாச்சும் விட்டுப்போயிருந்தா மறுபடி வழி தேடும்." கொஞ்சம் நின்றார். நானும் நின்றேன். "தேங்க்ஸ் டாக்டர்" என்று வந்துவிட்டேன்.

தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு வந்தாள்: "மொட்ட போட்டு ஏழாவது நாளு, கட்டி இருந்த எடம் தெரியல. கண்கண்ட தெய்வம்!" அத்தையும் போனில் அதையேதான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வரச் சொல்லியிருக்கிறாள்.

மாலையில் பாப்பாவின் காதுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே கேட்டாள்: "டாக்டரம்மாட்ட சொல்லிட்டியா?"

"எத?"

"எதயோ."

"இல்ல."

"நல்லவேள." எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, வலது கன்னத்துக்குள் விரலை விட்டு இழுத்துக் காட்டினாள். பல் இல்லாத இடம். ஈறு வழவழவென்று இருந்தது. "இது நீ வயித்துல இருந்தப்ப கொட்டுனது இல்லடி."

"பின்ன?"

"உங்கப்பா. மாடியில மொளகா காயப்போட்டிருந்தேன். ஆடு ஏறிக் கலச்சிருச்சு." விரலை எடுத்துப் புடவையில் துடைத்தாள். "நீ வயித்துல இருந்த, அது நெசம். யாராச்சும் கேட்டா சத்துப் போயிருச்சுன்னு சொல்லுவேன். அப்பிடியே சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான்னு ஆயிருச்சு."

மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

"எல்லா வீட்லயும் உள்ளதுதான், வசு. எனக்காச்சும் கணக்கு வழக்கில்ல. உன்ன உங்கண்ணன் ஒரே ஒருவாட்டிதான அடிச்சான்?"

ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். குரலில் அவ்வளவு பிரியம். அப்படியே எழுந்து விளக்கேற்றப் போய்விட்டாள்.

எண்ணத் தொடங்கினேன். அம்மா ஒன்று. அடுத்ததை எழுதவில்லை. பாப்பா விழித்துவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு. திருப்பூர்

வந்து சேர்ந்தோம். அறை கொதிக்கிறது. வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார் அவர். அத்தை என் முகவாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குழி விழுந்ததும் ஒரு லட்சணமாத்தான் இருக்கு" என்றாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன்தான் கொண்டுவந்து விட்டார். ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தார். பிஸ்கட், தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தார். பாப்பா புழுக்கத்தில் அழுதாள். அவர் கீழே நின்றபடி சாவிக்கொத்தை ஜன்னல் கம்பியில் தட்டித் தட்டிக் காட்டினார். அழுகை நின்றது. உள்ளே நீட்டினார். பாப்பா இரண்டு கையாலும் பிடுங்கி, நேராக வாய்க்குக் கொண்டுபோய், ஷட்டர் சாவியைக் கீழ்ப்பல் இரண்டாலும் கடித்தாள்.

"கடிடி என் தங்கம்" என்று சிரித்தார் அண்ணன்.

அவள் வாயிலிருந்து எடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. அவர், "சாவி! ஏய், சாவி!" என்று பக்கத்திலேயே ஓடி வந்தார், கையை நீட்டிக்கொண்டு. நாளைக்குக் கடை திறக்கணும் என்று ஏதோ சொன்னார். டீசல் சத்தத்தில் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு நின்றுவிட்டார்.

அண்ணன் நான்கு முறை போன் செய்துவிட்டாராம். கண்டக்டரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்றார் இவர். பாப்பா கையிலிருந்து நழுவிப் பைக்குள் விழுந்திருக்கிறது, இங்கே வந்துதான் பார்த்தேன் என்றேன். நாளைக்குக் கூரியரில் போட வேண்டும்.

சாவி இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. ஷட்டர் சாவியின் முனை நேராக, தட்டையாக இருக்கிறது. நாக்கால் உதட்டின் உள்பக்கத் தழும்பைத் தடவினால் அதே அகலம். அளந்து பார்க்கவில்லை.

தெரியாமல்தான் பைக்குள் வந்தது.